மாமா தேடியதும் நான் தேடியதும்

தனக்கு மறதி நோய் இருக்குமோ என்று என் மாமனார் தானாகவே சந்தேகப்பட்டாரா, இல்லை அந்தச் சந்தேகத்தை அவருக்குக் கொடுத்ததே நான்தானா? ஏழு மாதமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று காட்டும் பட்டியல் என் போனிலேயே இருக்கிறது. மணியும் நிமிடமும் போட்டு இருக்கிறது. அதைப் பார்த்தும் தெரியவில்லை.

எங்கள் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி மனை பிரித்து விற்ற இடத்தில் இருக்கிறது. என் கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை மாலை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். அதனால் மற்ற நாட்களில் வீட்டில் நானும், யுகேஜி படிக்கும் என் மகளும், மாமாவும் மட்டும்தான்.

மாமா முப்பது வருடத்துக்கு மேல் கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்தவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் கொஞ்ச காலம், மீதியெல்லாம் டவுனுக்குள். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அவருக்கு டூட்டி இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் நடக்கும்போது அண்ணாந்து பார்த்துத்தான் நடப்பார். எந்தக் கம்பத்தில் கம்பி தொய்ந்திருக்கிறது, எந்த மரக்கிளை உரசுகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு வீட்டுக்கு வழி கேட்டால் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார். "டிரான்ஸ்பார்மர்ல இருந்து நாலாவது போஸ்ட்" என்பார்.

மூன்று வருடம் முன்பு தீபாவளிக்கு அவருக்கு என் கணவர் புது போன் வாங்கிக் கொடுத்தார். அதைத் தயார் செய்யும்போது ஈமெயில் கேட்டது. மாமாவுக்கு ஈமெயில் கிடையாது.

"உன்னோடதையே போட்டுடும்மா. எனக்கு யாரு லெட்டர் போடப் போறாங்க?" என்றார்.

என்னுடையதையே போட்டேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். ரேஷன் கார்டு போல வீட்டுக்கு ஒன்று. எம்.எஸ்சி. படித்தவள் நான். இரண்டு போனில் ஒரே கணக்கு இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

டைப் செய்ய அவருக்கு வரவில்லை. அதனால் மைக் படத்தை அழுத்திப் பேசச் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து போனோடு பேசுவது அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

அவர் பேசுவதெல்லாம் என் கணக்கில் சேர்கிறது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. போன வருடம் ஒருநாள், பாப்பாவின் கழுத்தில் வந்த தடிப்புக்கு முன்பு தேடிய களிம்பின் பெயர் மறந்துபோய், பழைய தேடல்களைத் திறந்தேன். நான் தேடியவற்றுக்கு நடுவே இவையெல்லாம் இருந்தன.

"ஏங்க இன்னிக்கு மழை வருமாங்க."

"வேலூர் போற கடைசி பஸ் எத்தனை மணிக்கு கொஞ்சம் சொல்லுங்க."

"சரிங்க ரொம்ப நன்றிங்க."

சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே கணவருக்கு போன் செய்து படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். "எங்கப்பா இன்ஜினியர்கிட்டகூட இவ்ளோ மரியாதையா பேசினது கிடையாது" என்றார்.

அதன்பிறகு அது எனக்கு வழக்கமாகிவிட்டது. மதியம் சமையலறையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததும் பட்டியலைத் திறப்பேன். குழந்தைக்கு எவ்வளவு டிகிரி இருந்தால் காய்ச்சல் என்று நான் ஒரே நாளில் ஐந்து முறை கேட்டிருப்பேன். அதற்குக் கீழே பாப்பா டைனோசர் பாட்டு கேட்டிருப்பாள். அதற்கும் கீழே மாமா, நெல்லிக்காயைச் சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா என்று விசாரித்திருப்பார். மூன்று தலைமுறையும் ஒரே மூளையிலிருந்து பேசுவது போல இருக்கும். அடுத்தவர் தேடியதைப் படிப்பது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவர் அடுத்தவரா என்ன?

பிறகு ஒருநாள் போனில் ஒரு கட்டுரை படித்தேன். மூளை மெல்ல மெல்லத் தேயும் நோய்கள் வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே, ஒருவர் இணையத்தில் தேடும் விதத்தில் அவற்றின் சாயல் தெரியுமா என்று ஆராய்கிறார்கள் என்று அதில் இருந்தது. கேட்டதையே திரும்பக் கேட்பது, பொருளின் பெயர் வராமல் சுற்றி வளைத்து விவரிப்பது, எழுத்துகளுக்கு நடுவே விரல் தயங்குவது, இவற்றையெல்லாம் பார்க்கிறார்களாம். இது இன்னும் ஆராய்ச்சிதான் என்றும் எழுதியிருந்தது. ஒருவரை அவருடைய பழைய பழக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் பார்க்கக் கூடாது, இதை வைத்து யாரும் வீட்டில் முடிவு கட்டிவிடக் கூடாது என்றும் இருந்தது. அந்தக் கடைசி வரிகளை அப்போது வேகமாகக் கடந்துவிட்டேன். இப்போது எனக்கு மனப்பாடமாக இருப்பவை அவைதான்.

அன்று மதியம் பட்டியலைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே காலையில் ஏழு முறை "பௌர்ணமி என்னிக்குங்க" என்று கேட்டிருந்தார். காலண்டரைப் பார்க்காமலே பௌர்ணமியைச் சொல்கிறவர் அவர். இரண்டு நாள் முன்பு, "இட்லி ஊத்தற தட்டு வெக்கிற பாத்திரம் பேரு." அதற்கு முந்தின வாரம், "பியூஸ் போடற வெள்ள பீங்கான் பேரு என்னங்க."

பியூஸ் கேரியர். எனக்கே தெரியும். அவர் சொல்லிக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைத் தேடி ஒரு லைன்மேன் போனிடம் கேட்டிருக்கிறார்.

முதல் வருடத்துப் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போது வாக்கியம் நீளமாக இருந்தது, ஒவ்வொன்றிலும் "கொஞ்சம் சொல்லுங்க" இருந்தது. இப்போது பாதியில் நிற்கிறது. ஆனால் எனக்கே இன்னொன்றும் தோன்றியது. யாராக இருந்தாலும் போனோடு பழகப் பழகச் சுருக்கமாகத்தானே பேசுவார்கள்? பிரசவத்துக்குப் பிறகு அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தவள் நான். என் பட்டியலை மட்டும் தனியாக யாராவது படித்தால் என்ன நினைப்பார்கள்?

இப்படியே மனதுக்குள் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு ஒரு மாதம் கழிந்தது. அப்புறம்தான் பள்ளிக்கூட விஷயம் நடந்தது.

பாப்பாவைக் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் மாமாதான். வண்டியில் பத்து நிமிடம். அன்று முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. மாமா போனை எடுக்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது வண்டி வந்து நின்றது.

"என்ன மாமா, இவ்ளோ நேரம்?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தப் பக்கம் ஒரு லைன் பாத்துட்டு வந்தேன். கம்பி ஜாஸ்தியா தொங்குது. எவனும் கவனிக்கிறதில்ல."

பாப்பா ஜாலியாக இருந்தாள். "அம்மா, நாங்க கரண்ட் கம்பத்த எண்ணிக்கிட்டே வந்தோம். அதே பிள்ளையார் கோயில் மூணு வாட்டி வந்துச்சு!"

"மூணு வாட்டியா?"

"ஆமாம்மா. நான் மூணு வாட்டியும் கும்பிட்டேன்."

மாமா ஹெல்மெட்டைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். நான் உள்ளே போய், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியலைத் திறந்தேன். நாலு மணி ஐந்து நிமிடத்தில் "வேங்கிக்கால் வழி." பத்து நிமிடம் கழித்து "வீட்டுக்கு போற வழி சொல்லுங்க." உடனே மறுபடியும் அதே.

எந்த வீட்டுக்கு என்று அந்த போனுக்கு எப்படித் தெரியும்? பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு, வழி தெரியாமல், பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், அவளைக் கம்பம் எண்ணச் சொல்லியிருக்கிறார். அவர் மேல் பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லப் பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து நானே போய்ப் பாப்பாவைக் கூட்டி வருகிறேன் என்றேன். ஆட்டோக்காரர் தெரிந்தவர், மிஸ்ஸைப் பார்க்க வேண்டும், எனக்கும் நடந்தால் நல்லது என்று நாளுக்கு ஒரு காரணம் சொன்னேன்.

"எதுக்கும்மா வெயில்ல நீ அலையற? நான் சும்மாதான இருக்கேன்?" என்று நாலாவது நாள் கேட்டார். குரலில் வருத்தம் தெரிந்தது. அடுத்த நாள் விட்டுவிட்டேன். அவரே போனார். அந்த இருபது நிமிடமும் நான் கேட்டிலேயே நின்றேன். சரியான நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் சொன்னார்:

"இந்தா பாரு. பாப்பா வயித்துல இருந்தப்ப நெட்ல பாத்துப் பாத்து உனக்கு எத்தன வியாதி கண்டுபிடிச்ச? பாப்பா கால்ல மச்சம்னு எந்த டாக்டர்கிட்ட எல்லாம் போனோம்?"

"இது அப்படி இல்லீங்க."

"அப்பாவுக்கு அறுபத்தஞ்சு வயசு. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கு. எனக்கே சனிக்கிழம வந்தா திருப்பம் தெரியல. தீபாவளிக்கு லீவு போட்டு வரேன், அப்ப பாக்கலாம்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

நானே சோதித்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாப்பாவின் படம் போட்ட அட்டைகளை எடுத்து, "தாத்தாகிட்ட காட்டிப் பேரு கேளு" என்று அனுப்பினேன். சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யானை, ஒட்டகம், கப்பல், குக்கர், கத்தரிக்கோல் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஒட்டகச்சிவிங்கிக்கு இங்கிலீஷும் சேர்த்துச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, நான் யுகேஜி பாஸா, பெயிலா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். அடுப்பில் எதுவும் இல்லாவிட்டாலும் தாளிப்பது போல வாணலியைத் தட்டினேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, பாப்பா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், ஒரே மூச்சில் தேடினேன். "மறதி நோய் முதல் அறிகுறிகள்." "மறதி நோய் உள்ளவர் வண்டி ஓட்டலாமா." "மாமனாருக்கு மறதி மருமகள் என்ன செய்வது." கடைசியாக, "மறதி நோயாளிகள் முதியோர் இல்லம் வேலூர்."

அந்தக் கடைசித் தேடலுக்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை. அவரை எங்கும் அனுப்பும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. எனக்குப் பயம் வந்தால் எல்லாவற்றிலும் மோசமானது எதுவோ அதை முதலில் பார்த்துவிட வேண்டும். பார்த்தேன், மூடினேன். மணி பதினொன்று இருபது.

அன்று மாலை நாலரைக்கு மாமா கேட்டிருந்தார்: "மறதி நோய் வந்தா முதல்ல எப்படி தெரியுங்க."

இரண்டு நாள் கழித்து: "மறதி இருந்தா பேத்திய வண்டியில ஏத்தலாமாங்க."

அதைப் படித்துவிட்டு அழுதேன். ஐயோ, இவருக்கே தெரிந்திருக்கிறது, யாரிடமும் சொல்ல முடியாமல் போனிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவரே வண்டிச் சாவியைக் கொண்டுவந்து மிக்ஸி பக்கத்தில் வைத்தார்.

"இனிமே பாப்பாவ நீயே கூட்டிட்டுப் போம்மா. கண்ணு கொஞ்சம் மங்கலா தெரியுது."

"டாக்டரப் பாக்கலாமா மாமா?"

"கண்ணுதானே. வயசானா வரும்."

அதோடு ஒரு பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. குழந்தைக்கு இனி ஆபத்தில்லை. அவராகவே முடிவெடுத்தார். அவர் மனதைப் புண்படுத்தாமல் காரியம் முடிந்துவிட்டது. மூன்று வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் தன் போனை நீட்டினார். "பாப்பா எதையோ அமுக்கிட்டா. சத்தமே வரல, பாரும்மா." வாங்கிச் சரிசெய்தேன். சத்தம் வருகிறதா என்று பார்க்கத் தேடும் பெட்டியைத் தொட்டேன்.

பெட்டிக்குக் கீழே, சின்னக் கடிகாரப் படம் போட்டு, முன்பு தேடியவை வரிசையாக விழுந்தன. மறதி நோயாளிகள் முதியோர் இல்லம் வேலூர். மாமனாருக்கு மறதி மருமகள் என்ன செய்வது. மறதி நோய் உள்ளவர் வண்டி ஓட்டலாமா.

என் வார்த்தைகள், அவர் போனில்.

ஒரே கணக்கு. அவர் தேடியது எனக்கு வருமென்றால் நான் தேடியது அவருக்கு வராதா? இவ்வளவு நாள் அவரைப் படித்தவளுக்கு இது உறைக்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியாயிடுச்சா?" என்றார். "ஆச்சு மாமா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிரவு பட்டியலில் மாமாவின் கடைசி வரியைப் பார்த்தேன். நான் போனைக் கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கேட்டிருக்கிறார். "நாம போன்ல தேடறது வேற யாருக்காவது தெரியுமாங்க."

அதற்குப் பிறகு அவர் எதுவும் தேடவில்லை. மழை வருமா என்றுகூடக் கேட்கவில்லை. பட்டியலில் இப்போது நானும் பாப்பாவும்தான் இருக்கிறோம்.

இதனால்தான் முதலில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதினொன்று இருபதுக்கு நான் தேடினேன், நாலரைக்கு அவர் கேட்டார். என் வரியைப் படித்துவிட்டுக் கேட்டாரா? அல்லது ஏற்கனவே மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்ததை அன்று வாய்விட்டுக் கேட்டாரா? வண்டிச் சாவியைத் தந்தது நோய் தெரிந்தா, மருமகளின் பயம் தெரிந்தா? இந்த மாதிரித் தேடல்களை வைத்துத்தான் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுப் பட்டியலைக் கொடுத்தால், நோய் இருப்பவர் எங்கே முடிகிறார், நோயைக் கண்டு பயப்படுகிறவள் எங்கே தொடங்குகிறாள் என்று எந்த மெஷினும் சொல்லாது. ஒன்று மட்டும் நிச்சயம். அவர் கூச்சப்படாமல் கேட்க ஒரு இடம் இருந்தது. அதை நான் அடைத்துவிட்டேன்.

தீபாவளி வந்தது. கணவர் நாலு நாள் இருந்தார். அந்த நாலு நாளும் மாமா நன்றாக இருந்தார். கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் அந்தக் காலத்தில் பௌர்ணமி டூட்டியில் நடந்த கதைகளைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். "பாத்தியா?" என்பது போல என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் ஊருக்குப் போன மறுநாள், கரண்ட் போனபோது மெயின் போர்டு முன்னால் மாமா ரொம்ப நேரம் நின்றார். பிறகு தொடாமலே வந்து உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அதில் அவர் கையெழுத்தில் ஒரு எண். எனக்கு முதலில் புரியவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும் எண் அது. போனிடம் வழி கேட்காமல் வீடு வந்து சேர அவர் செய்துகொண்ட ஏற்பாடு. காகிதத்தைக் காயவைத்து, இஸ்திரி போட்ட சட்டையின் பையில் திரும்ப வைத்துவிட்டேன். அதைப் பற்றியும் அவரிடம் பேசவில்லை.

அவரை மூளை நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். அது எனக்குத் தெரிகிறது. சீக்கிரம் காட்டினால் நல்லது, மறதிக்கு வேறு சாதாரணக் காரணம்கூட இருக்கலாம் என்றுதான் எங்கும் போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் ஜுரத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் பொதுவாகக் கேட்டேன். அவரும் வேலூருக்குப் போகச் சொன்னார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். "வேலூர் போலாம் மாமா" என்று நான் சொன்னால் அவர் காதில் டாக்டர் விழமாட்டார். நான் தேடிய முதியோர் இல்லம்தான் விழும். மருமகள் கொண்டுபோய் விடப் பார்க்கிறாள் என்று நினைப்பார். எதிர்த்துக்கூடப் பேசமாட்டார், சாவியைத் தந்த மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

நான் படித்ததையும் அவர் படித்ததையும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டுமா? ஒத்துக்கொண்டால் இத்தனை நாள் அவர் காப்பாற்றி வந்த மரியாதை போய்விடாதா? ஒன்றும் சொல்லாமல் அவர் பெயரில் தனியாக ஒரு கணக்கு போட்டுக் கொடுத்து, "இத யாரும் பாக்க முடியாது மாமா" என்றால் நம்புவாரா? நம்பிப் பேச ஆரம்பித்தால், எட்டிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? கண் டாக்டர் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகலாம் என்கிறார் என் கணவர். மாமாவிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது மாமனாரையோ அப்பாவையோ இப்படிக் கூட்டிப் போயிருப்பீர்கள். முதல் வாக்கியமாக நீங்கள் என்ன சொன்னீர்கள்? எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். எழுதுங்கள். நெட்டில் தேடிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது, அது அவர் போனிலும் தெரியும்.